அழித்தும் அழியாத எழுத்து
(முனையப் பிழை ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சி)

தோற்றுவாய்

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலக வழக்கு. கணிப்பொறியின் திரையைப் பொறுத்தமட்டில் அவ்வழக்கு முற்றும் பொருந்துவதன்று. திரையில் அழிந்துவிட்டதாகத் தோன்றும் சொல்லொன்று பொறியினுள்ளே அழியாது நின்று, பின்னர் ஏட்டிலும் ஏறிவிடுதல் உண்டு. அவ்வாறு நேர்வது ஏன், அதனைக் கண்டறியும் வழி யாது என்பனவற்றை மாணவர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மில்லர்புரத்தில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு நாள் மாலை என்னிடம் வந்தார். துறைக்கு வரும் கலங்களின் வகையைத் தமிழிலேயே வினவித் தமிழிலேயே பதிவு செய்யும் சிறு நிரல் ஒன்றை அவர் சி மொழியில் இயற்றியிருந்தார். பெயரைக் கேட்டவிடத்து அவர் முதலில் ‘கப்பல்’ என்று எழுதினார், அது தவறென்று கண்டு அழிப்பு விசையை நான்கு முறை அழுத்தினார், திரை வெறுமையாயிற்று. பின்னர்த் ‘தோணி’ என்று எழுதி என்டர் விசையை அழுத்தினார். ஏட்டைத் திறந்து பார்த்தபோதோ, ‘கப்ப’ என்பதும், அதனையடுத்துப் பொருளற்ற கேள்விக்குறி போன்றதொரு வடிவும், அதன்பின் ‘தோணி’ என்பதும் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தன.

“ஐயா, நான் அழித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பொறி ஏன் அழிக்கவில்லை? நண்பர்களோ, தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது, ஆங்கிலத்தில் எழுதிவிடு என்கிறார்கள்,” என்று அவர் வருந்திக் கூறினார்.

பிழை சிறிது, ஆயின் அந்நண்பர்கள் கூறிய முடிவு சிறிதன்று. ஒரு பொறியின் குறைக்காக ஒரு மொழியையே ஒதுக்கிவிடலாமோ? குற்றம் நிரலிலா, விசைப்பலகையிலா, மொழியிலா, இவையனைத்திற்கும் அடியில் நின்று தொழில்புரியும் இயங்குதளத்தின் கருவாகிய கர்னலிலா என்பதை ஆராய்ந்தன்றோ தீர்ப்புக் கூறல் வேண்டும்? அவரும் யானும் அன்று மாலை செய்த ஆராய்ச்சியையே ஈண்டு முறைப்படுத்தி எழுதுகின்றேன்.

1. முனையமும் கர்னலும்

முனையம் என்பது மனிதன் கட்டளை எழுதுதற்கும் பொறியின் விடையைப் படித்தற்கும் உரிய வாயில். இதனை டி.டி.ஒய். என்னும் பெயரால் யூனிக்ஸ் வழிவந்த தளங்கள் இன்றும் குறிக்கின்றன. இப்பெயர் டெலிடைப் என்னும் தொலைத் தட்டச்சுப் பொறியின் பெயரைச் சுருக்கியதாம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் திரை அரிது. எழுதுவதெல்லாம் தாளின்மேல் அச்சாயிற்று. தாளில் அச்சானதை அழித்தல் இயலாதாகலின், ஓர் எழுத்தை நீக்க வேண்டுவோர் ‘#’ என்னும் குறியை அடித்தனர். ஒரு வரி முழுவதையும் நீக்க வேண்டுவோர் ‘@’ என்னும் குறியை அடித்தனர். தாளில் எழுத்தும் நிற்கும், குறியும் நிற்கும். பொறியினுள்ளே மட்டும் எழுத்து கழிக்கப்படும். ஆகவே, கண் காண்பது வேறு, பொறி கொள்வது வேறு என்னும் நிலை முனையத்துடன் உடன்பிறந்ததே என்க.

மனிதனுக்கும் நிரலுக்கும் இடையே கர்னல் நிற்கும் நிலையை நம்மூர் வழக்கொன்றால் எளிதில் விளக்கலாம். 1974-ஆம் ஆண்டில் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெறுதற்கு முன்னர், பெருங்கப்பல்கள் கரையை அணுக இயலாது கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைக் கொண்டு சென்றவை தோணிகளே. அவ்வாறே விசைப்பலகையும் திரையும் கரை. நிரல் கடலில் நிற்கும் கப்பல். கர்னலின் முனையப் பகுதி தோணி. நாம் தட்டும் எழுத்துகள் நேரே நிரலைச் சென்று சேர்வதில்லை. தோணியில் ஏறிக் காத்திருக்கின்றன. தோணியின் இக்கொள்ளிடத்தைத் ‘தாங்கல்’ என்போம். என்டர் விசையை அழுத்தியபோதே தோணி புறப்படுகின்றது. அதற்கு முன்னர் அழிப்பு விசையை அழுத்தினால், கடைசியாக ஏற்றிய மூட்டை தோணியினின்றும் இறக்கப்படுகின்றது. கரையிலுள்ள பலகையிலும் ஒரு கோடு அழிக்கப்படுகின்றது.

இவ்விரு செயலும் ஒன்றுக்கொன்று ஒத்து நடைபெறும்வரை கேடில்லை. தோணிக்காரன் ஒன்றை இறக்க, கணக்கன் வேறொரு தொகையை அழிப்பானாயின் என் செய்வது? நம் பிழையின் வேர் இதுவே.

2. எழுத்து என்பது எது?

யூனிக்ஸ் தோன்றிய நாளில் அமைந்த எண்ணம் இது: ஓர் எழுத்து, ஒரு பைட்டு, திரையில் ஒரு கட்டம். ஆங்கிலத்திற்கு இம்மூன்றும் ஒன்றே. தமிழுக்கோ மூன்றும் மூன்றாம்.

‘கப்பல்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று பள்ளிச் சிறுவனைக் கேட்பின், க, ப், ப, ல் என நான்கு என்பான். அது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் கணக்கு. யூனிக்கோடு என்னும் உலகக் குறிமுறையோ மெய்யெழுத்தைத் தனியெழுத்தாகக் கொள்வதில்லை. அகரமேறிய எழுத்துக்கு ஒரு குறியெண்ணும், அதன்மேல் இடும் புள்ளிக்கு மற்றொரு குறியெண்ணும் தருகின்றது. ஆகவே க, ப, புள்ளி, ப, ல, புள்ளி எனக் குறியெண் ஆறு. யூனிக்கோட்டை ஏட்டில் எழுதும் யூ.டி.எஃப்-8 என்னும் முறையை 1992-ஆம் ஆண்டில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வகுத்தனர். அம்முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும். எனவே ‘கப்பல்’ என்பது 18 பைட்டு. திரையிலோ புள்ளிக்கெனத் தனிக்கட்டம் இன்மையால் அஃது அடைத்துக்கொள்வது 4 கட்டமே.

அப்பைட்டுகளை எண்களால் எழுதினால் பின்வருமாறு அமையும்:

க — 224, 174, 149
ப — 224, 174, 170
புள்ளி — 224, 175, 141
ப — 224, 174, 170
ல — 224, 174, 178
புள்ளி — 224, 175, 141

ஈண்டு ஒரு வியப்பைக் காண்க. இலக்கணத்தில் மெய்க்கு மாத்திரை அரை. அகரமேறிய உயிர்மெய்க்கு மாத்திரை ஒன்று. பொறியின் ஏட்டிலோ ஒரு மாத்திரை பெறும் ‘ப’ மூன்று பைட்டும், அரை மாத்திரை பெறும் ‘ப்’ ஆறு பைட்டும் கொள்கின்றன. ஒலியிற் குறைந்தது எடையில் மிகுந்து நிற்கின்றது! இதனை அறியாத தோணிக்காரன் கணக்கிற் பிழைத்தல் இயல்பேயன்றோ?

3. பிழை நேர்ந்த விதம்

இனி, மாணவர் கண்டதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அவருடைய முனையத்தில் கர்னல் பைட்டையே எழுத்தென்று கருதிக்கொண்டிருந்தது. எனவே அழிப்பு விசையின் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் தாங்கலினின்றும் ஒரு பைட்டை நீக்கிற்று; திரையில் ஒரு கட்டத்தை அழித்தது. நான்கு அழுத்தத்தில் திரையின் நான்கு கட்டமும் வெறுமையாயின. தாங்கலிலோ 18 பைட்டில் நான்கே நீங்கின; 14 எஞ்சின.

எஞ்சியவை எவை? ஈற்றுப் புள்ளியின் மூன்று பைட்டும், ‘ல’ என்பதன் கடைசிப் பைட்டாகிய 178-உம் போயின. க, ப, புள்ளி, ப என்னும் நான்கு குறியெண்ணும் பழுதின்றி நின்றன. அவற்றின்பின் ‘ல’ என்பதன் தலையும் நடுவுமாகிய 224, 174 என்னும் இரண்டும் கடையிழந்து நின்றன. அவ்விரண்டே, பொருளற்ற வடிவாய்த் தோன்றியவை. அதன்மேல் ‘தோணி’ என்பதன் 12 பைட்டும், வரி முடிவைக் காட்டும் 10 என்னும் பைட்டும் ஏறவே, நிரல் பெற்றது 27 பைட்டு. பெறவேண்டியதோ 13.

நிரல் தனக்கு வந்ததை அப்படியே எழுதிற்று, அதன்மேற் குற்றமில்லை. விசைப்பலகை அழுத்தியதை அனுப்பிற்று, அதன்மேலும் குற்றமில்லை. திரையும் தனக்கிட்ட கட்டளைப்படியே கட்டங்களை அழித்தது. மூவரும் உண்மையாளராயிருந்தும் முடிவு பொய்யாயிற்று.

4. ஆராயும் முறை

இத்தகைய பிழையைக் காணும் மாணவர் முதலிற் செய்வது நிரலைத் திருத்தத் தொடங்குவதே. அது கூடாது. நோயின் இடம் அறியாது மருந்திடுவது மருத்துவமாகாது. கீழ்வரும் ஐந்து வினாக்களை இவ்வொழுங்கிலேயே கேட்க வேண்டும்.

முதல் வினா: நிரல் பேசுவது முனையத்தோடுதானா? டி, டி, ஒய் என்னும் மூன்றெழுத்துக் கட்டளையை இட்டால், முனையத்தின் பெயரை அது கூறும். முனையம் அன்றாயின் அன்றென்று கூறும். முனையத்திற்கே உரிய வேலையை வேறொன்றினிடம் கேட்டால், ‘இது தட்டச்சுப் பொறியன்று’ என்னும் பொருள்பட யூனிக்ஸ் பண்டைக்காலத்தில் விடையிறுத்தது. தட்டச்சுப் பொறியையே காணாத இளைஞரும் அச்செய்தியைக் கண்டு மயங்கியதுண்டு. மற்றும், சாளரங்களிலும் தொலைத் தொடர்பிலும் நாம் பெறுவது மெய்யான முனையமன்று. கர்னல் படைத்துத் தரும் போலி முனையம். அதற்குரிய கோப்பகம் இணைக்கப்படாதிருந்தாலும், போலி முனையங்களின் தொகை வரம்பை எட்டிவிட்டாலும் முனையமே கிடையாது. நம் மாணவருக்கு முனையம் கிடைத்திருந்தது. ஆகவே அடுத்த வினாவுக்குச் சென்றோம்.

இரண்டாம் வினா: முனையத்தின் அமைப்பு யாது? எஸ், டி, டி, ஒய் என்னும் நான்கெழுத்துக் கட்டளையுடன் ‘-ஏ’ என்பதைச் சேர்த்திட்டால், கர்னல் அம்முனையத்தை நடத்தும் விதிகளனைத்தும் திரையில் வரும். அவற்றுள் ‘ஐ-யூ-டி-எஃப்-8’ என்னும் அடையாளத்தைத் தேடுக. அதன்முன் ஒரு சிறு கோடு இருப்பின் அவ்விதி செயலற்றிருக்கின்றது என்பது பொருள். அவருடைய முனையத்தில் அக்கோடு இருந்தது.

மூன்றாம் வினா: உண்மையில் வந்து சேர்ந்தது யாது? திரையை நம்பாது பைட்டுகளை எண்ணுதல் வேண்டும். கேட் என்னும் மிக எளிய கட்டளையை இட்டு, அதன் வெளியீட்டை ஓ-டி என்னும் கட்டளைக்குச் செலுத்தி, மேற்கூறிய சொற்களை எழுதி அழித்து எழுதினோம். 27 எண்களும் வரிசையாய் வந்து நின்றன. அவற்றுள் 224, 174 என்பவற்றின் பின் மூன்றாவது எண் இன்றி அடுத்த 224 தொடங்கிய இடத்தைக் கண்டபோது, மாணவர் முகத்தில் தெளிவு தோன்றிற்று.

நான்காம் வினா: பிழை ஒரு நிரலுக்கு உரியதா, பலவற்றிற்குப் பொதுவா? கேட் கட்டளையிலும் அதே பிழை நேர்ந்தமையால் அவருடைய நிரல் குற்றமற்றது என்பது தெளிவாயிற்று. ஆயினும் கட்டளை எழுதும் இடமாகிய பாஷ் உறையில் அதே சொல்லை எழுதி அழித்தால் செவ்வனே அழிகின்றது. இது முரண்போலத் தோன்றும். காரணம் யாதெனின், பாஷ் உறை தோணிக்காரனை நம்புவதில்லை. ரீட்லைன் என்னும் துணைநிரலைக் கொண்டு ஒவ்வோர் எழுத்தையும் தானே பெற்றுத் தானே திருத்திக்கொள்கின்றது. வரி முழுவதையும் கர்னலிடமிருந்து பெறும் எளிய நிரல்களிலேதான் பிழை வெளிப்படும். உறையில் நன்றாகவும் நிரலில் பிழையாகவும் ஒன்று நடந்தால், கர்னலின் வரித் திருத்தப் பகுதியை ஐயுறுக. இவ்வொரு குறிப்பு பல மணி நேர உழைப்பைச் சேமிக்கும்.

ஐந்தாம் வினா: கர்னலின் பதிப்பு மாறினால் பிழையும் மாறுகின்றதா? யூ-நேம் என்னும் கட்டளை ‘-ஆர்’ என்பதுடன் பதிப்பெண்ணைக் கூறும். ஒரு பதிப்பில் இல்லாத பிழை அடுத்ததில் உண்டாயின், இடையில் நிகழ்ந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் பத்துச் சோதனையில் குற்றவாளி அகப்படும், என்னை? இரண்டைப் பத்து முறை பெருக்க 1024 ஆகுமாதலின்.

5. அடையாளம் இட்டபின்னும் எஞ்சிய குறை

ஐ-யூ-டி-எஃப்-8 என்னும் அடையாளம் லினக்ஸ் கர்னலின் 2.6.4-ஆம் பதிப்பில், 2004-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அது செயல்படும் வழி எளியது. யூ.டி.எஃப்-8 முறையில் 128 முதல் 191 வரையுள்ள பைட்டுகள் தொடர் பைட்டுகள். அவை ஒருபோதும் குறியெண்ணின் தலையில் வாரா. அடையாளம் இட்டிருப்பின், கர்னல் அழிக்கும்போது தொடர் பைட்டுகளைத் தாண்டிப் பின்சென்று தலைப் பைட்டு வரை நீக்கும். அதனால் எழுத்து பாதியில் முறிவதில்லை.

ஆயின், தன் முனையத்தில் இவ்வடையாளம் இட்டிருந்தும் தொலைவிலுள்ள பொறியில் அஃது இல்லாதிருத்தல் நெடுங்காலம் நிகழ்ந்தது. எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொலைத் தொடர்பு முறை முனையத்தின் பல விதிகளை மறுகரைக்குச் சொல்லி அனுப்பும்; இவ்வொன்றைச் சொல்ல அதற்கு மொழியில்லை. 2016-இல் வெளிவந்த ஓபன் எஸ்.எஸ்.எச். 7.3-ஆம் பதிப்பு அதனைச் சேர்த்தது, 2017-இல் ஆர்.எஃப்.சி. 8160 என்னும் ஆவணம் அதனை உலகப் பொதுவிதியாக்கிற்று. நம் மாணவர் தொலைவிலுள்ள பொறியைப் பழைய செயலி ஒன்றால் தொட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னர்த் தெரிந்தது. ஆதலால் முதற்பிழை முழுதும் கர்னலின் குற்றமன்று. கர்னலுக்குச் செய்தி சொல்லாதவரின் குற்றமும் கலந்தது.

அடையாளத்தை இட்டு மீண்டும் சோதித்தோம். ‘கப்பல்’ எழுதி நான்கு முறை அழித்தோம், திரை வெறுமையாயிற்று. ‘தோணி’ எழுதினோம். ஏட்டில் வந்தது ‘கபதோணி’! முறிந்த பைட்டு ஒன்றுமில்லை. எனினும் பிழை நீங்கிற்றில்லை. நான்கு அழுத்தத்தில் நீங்கியவை புள்ளி, ல, ப, புள்ளி என்னும் நான்கு குறியெண்கள். க, ப என்னும் இரண்டு எஞ்சின. ஆறு முறை அழுத்தினால் தாங்கல் வெறுமையாகும். ஆனால் திரையில் ஆறு கட்டங்கள் பின்வாங்கும். சொல் கொண்டிருந்ததோ நான்கு கட்டம். எஞ்சிய இரண்டும், ‘பெயர்: ’ என்னும் வினாவின் ஈற்றிலிருந்த முக்காற்புள்ளியையும் இடைவெளியையும் விழுங்கிவிடும்.

இஃது அமைப்பின் குற்றமன்று, கர்னலின் குறையே. 2004-இல் வந்த அடையாளம் பைட்டை எண்ணக் கற்பித்ததேயன்றிக் கட்டத்தை எண்ணக் கற்பிக்கவில்லை. குறியெண் ஒவ்வொன்றும் ஒரு கட்டம் என்றே அது கொண்டது. புள்ளிக்குக் கட்டமில்லை என்பதை அஃது அறியாது. சீன எழுத்துக்கு இரண்டு கட்டம் என்பதையும் அஃது அறியாது. எனவே இவ்விடரில் தமிழன் தனியனல்லன்.

மாணவர்கள் தத்தம் பொறியில் இச்சோதனையைச் செய்து, தம் கர்னலின் பதிப்பெண்ணோடு முடிவைக் குறித்துக்கொள்வாராக. ‘கடல்’ என்னும் சொல்லே போதும்: எழுத்து மூன்று, குறியெண் நான்கு, பைட்டு பன்னிரண்டு.

6. கர்னலின் பிழை வேறிடத்துத் தோன்றுதல்

கர்னலிற் பிழை இருத்தல் கூடுமோ என ஐயுறுவார்க்கு வரலாறு விடையளிக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், நம் மாநிலத்திற்குப் புதியதன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் தொகுப்பை 2007-இல் வெளியிட்டது. உலகெங்கும் எண்ணற்றோர் சோதித்த அக்கர்னலிலும் முனையப் பகுதி நெடுநாள் சிக்கல் மிகுந்ததாகவே இருந்துவந்தது.

2009-ஆம் ஆண்டில் 2.6.31-ஆம் பதிப்பை ஆயத்தம் செய்கையில், போலி முனையத்தின் தாங்கல் முறை மாற்றியமைக்கப்பட்டது. அதன்பின் சிலர் ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவியில் தம் நிரல் வெளியீட்டின் கடைசிப் பகுதி காணாமற்போவதைக் கண்டனர், கே.டி.இ. மேசைச் சூழலின் துணைநிரல் ஒன்றும் பழுதுற்றது. நிகழ்ந்தது இதுவே: எழுதுபவன் எழுதி முடித்து முனையத்தை மூடிவிட, கடைசிச் சரக்கு இன்னும் தோணியில் இருக்கும்போதே, ‘கப்பல் போய்விட்டது’ என்று கரைக்கு அறிவிக்கப்பட்டது. கரையிலுள்ளோர் கணக்கை முடித்துவிட்டனர். பழுது தோன்றியது ஈமாக்ஸில். வேர் இருந்தது கர்னலில். இதுபற்றி எழுந்த வாதத்தின் முடிவில், முனையப் பகுதியைக் காத்துவந்த ஆலன் காக்ஸ் 2009 ஜூலையில் அப்பொறுப்பினின்றும் விலகினார். கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதனை ஏற்றார். வல்லுநரையும் சோர்வடையச் செய்யும் நுட்பம் இப்பகுதிக்கு உண்டு என்பதற்கு இது சான்று.

அம்மாற்றத்தோடு வேறொரு பிழையும் உட்புகுந்தது. இருவர் ஒரே கணத்தில் ஒரு போலி முனையத்தில் எழுதினால், தாங்கலின் எல்லையைக் கடந்து எழுத்து வழியக்கூடும். இஃது ஐந்தாண்டு காணப்படாது கிடந்து, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. பொறியின் முழு அதிகாரத்தையும் அயலான் கைக்கொள்ள இடந்தரத்தக்க பிழையாதலின், அதற்கு 2014-0196 என்னும் பொது எண்ணும் இடப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாத பிழை ஒன்று உண்டாயின், ‘பல்லோர் பயன்படுத்துவது, ஆகவே பிழையிராது’ என்னும் வாதம் நில்லாது.

7. பழி யாருடையது?

இனி, நண்பர்கள் கூறியதற்கு வருவோம். தமிழ் பொறிக்கு ஒவ்வாததா?

இதே வினா தட்டச்சுப் பொறி வந்த காலத்தும் எழுந்திருத்தல் வேண்டும். ஆங்கிலப் பொறியில் ஒவ்வொரு விசைக்கும் தாளேந்தி ஒரு கட்டம் நகரும். புள்ளிக்கும் அவ்வாறு நகர்ந்தால் ‘ப்’ என்பது ப-வும் தனித்த புள்ளியுமாய்ப் பிரிந்து நிற்கும். இலங்கைத் தமிழராய்ப் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்து தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கிய இரா. முத்தையாவின் பெயரை நாம் நன்றியுடன் நினைக்கின்றோம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளிக்கென நகரா விசை அமைந்தது. அவ்விசையை அழுத்தினால் எழுத்து பதியும், தாளேந்தி நகராது. கட்டமில்லாத எழுத்தும் உண்டு என்பதை இரும்பாலாகிய அப்பொறி கற்றுக்கொண்டது. மின்னாலாகிய கர்னல் அதனைக் கல்லாதிருந்தது எனின், குற்றம் மொழியினதன்று.

குறிமுறையிலும் வழிகள் இருந்தன. 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர் கூடி வகுத்த திஸ்கி என்னும் முறையில் ‘ப்’ என்பதற்கு ஒரே பைட்டு. ஆகவே ‘கப்பல்’ நான்கு பைட்டே. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிக்கோட்டுடன் ஏற்றுக்கொண்ட டேஸ்-16 என்னும் முறையில், உயிர், மெய், உயிர்மெய் ஒவ்வொன்றும் ஒரே குறியெண் பெறும். அவை நம் இலக்கணக் கணக்கை ஒட்டியவை. எனினும் உலகத்துப் பொறிகளெல்லாம் யூனிக்கோட்டைப் பேசுமிடத்து நாம் தனிமொழி பேசித் தனித்து நிற்றல் பயன் தராது. தோணிக்காரன் எண்ணத் தவறினால் அவனுக்கு எண்ணக் கற்பிப்பதே தக்கது. மூட்டையை மாற்றிக் கட்டுவது எல்லா இடத்தும் இயலாது. லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. முனையத்தின் வரித் திருத்தப் பகுதி ‘என்-டி.டி.ஒய்.’ என்னும் ஒரே கோப்பில் உள்ளது. நம் மாணவர் அதனைத் திறந்து, அழிக்கும் பகுதியைக் கண்டு, ‘இவ்வளவுதானா!’ என்று வியந்தார்.

8. இப்போதைக்குச் செய்யத்தக்கன

அடிவேர் திருந்தும்வரை கைக்கொள்ளத்தக்க உபாயங்கள் நான்கு.

ஒன்று: முனையத்தில் ஐ-யூ-டி-எஃப்-8 அடையாளத்தை இடுக, தொலைத் தொடர்புச் செயலியைப் புதுப்பிக்க.

இரண்டு: தமிழ்ச் சொல்லைத் திருத்த வேண்டின் ஓரெழுத்தாக அழியாது, கன்ட்ரோல் விசையுடன் ‘யூ’ விசையை அழுத்தி வரி முழுவதையும் நீக்கிவிட்டு மீண்டும் எழுதுக. திரையில் எவ்வலங்கோலம் நேரினும் தாங்கல் முற்றும் வெறுமையாகும்.

மூன்று: நிரல் எழுதுவோர் ரீட்லைன் போன்ற துணைநிரலைக் கொண்டு வரியைப் பெறுக.

நான்கு: வந்த பைட்டுகள் யூ.டி.எஃப்-8 முறைக்கு இயைந்தனவா என்று சோதித்து, பெற்ற சொல்லைப் பயனருக்குத் திரும்பக் காட்டி, ‘இதுதானா?’ என்று கேட்டபின்னரே ஏட்டில் எழுதுக.

இந்நான்காவதை யான் பெரிதும் வற்புறுத்துகின்றேன். ‘கபதோணி’ என்பதில் முறிந்த பைட்டு இல்லாமையால் எச்சோதனையும் அதனைப் பிழையென்று கூறாது. அதனைப் பிழையென்று அறிய வல்லவர் தமிழ் படித்த மனிதர் ஒருவரே. இச்சிறு நிரலில் கெட்டது ஒரு கலத்தின் பெயர். மருத்துவமனை ஏட்டில் ஒரு நோயாளியின் பெயரோ, பள்ளி ஏட்டில் ஒரு குழந்தையின் பெயரோ இவ்வாறு கெடுமாயின், அதனால் விளையும் அலைச்சலை ஏழை எளியோரே அனுபவிப்பர்.

முடிவுரை

அம்மாணவர் தம் நிரலைத் திருத்தினார், தமிழைக் கைவிடவில்லை. இன்று அவருடைய நிரல் சொல்லைத் திரும்பக் காட்டி வினவிய பின்னரே பதிவு செய்கின்றது.

நாம் கற்கத்தக்கது யாதெனின், திரை கூறுவது ஒரு சாட்சியே, தீர்ப்பன்று. கரையிலும் தோணியிலும் கப்பலிலும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை எவ்விடத்து மாறுகின்றதோ அவ்விடத்தே குற்றத்தைத் தேடல் வேண்டும். எண்ணாது பழி கூறுபவர் எளியாரையே பழிப்பர். பெரும்பாலும் அவ்வெளியார் நிரல் எழுதிய மாணவராகவோ நம் தாய்மொழியாகவோ இருப்பர். மாணவ நண்பர்காள்! அடுத்த முறை பொறி பிழைபடுமாயின், ‘என்னால் இயலாது’ என்றோ ‘தமிழால் இயலாது’ என்றோ கூறுமுன், பைட்டுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.